வெண்ணெய் மணக்கும் பில்ஸ்னர்

வணக்கம் சார்,

சிறிய ஆலைகள் தயாரிக்கும் பீர்களை நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ருசித்து, 5க்கு மார்க் போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். போன வாரம் ஐபிஏ, பில்ஸ்னர், கோதுமை பீர், ஸ்டவுட் என்று நான்கு, இதே வரிசையில். பில்ஸ்னரில் வெண்ணெய் போட்ட பாப்கார்ன் மணம். கொண்டாடிவிட்டோம், 4.5. கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை தூக்கலாக இருந்தது. கெட்டுப்போயிருக்கும் என்று 2 போட்டோம். ஸ்டவுட் அவ்வளவு கறுப்பாக இருந்தும் ஸ்ட்ராங்காக இல்லை, ஏமாற்றம். இன்னொரு நண்பர், “குடிக்கிறதை விட்டுட்டு என்னடா பரீட்சை வைக்கிறீங்க” என்று கிண்டல் செய்கிறார். இப்படி ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

நிச்சயம் உண்டு. ஆனால் நீங்கள் இன்னும் ஒப்பிட ஆரம்பிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சங்கடமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அந்த வெண்ணெய் மணத்துக்கு டைஅசிட்டைல் என்று பெயர். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருளிலிருந்து அது உருவாகிறது. சில நாள் பொறுத்திருந்தால் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பில்ஸ்னர் போன்ற லாகர் வகை பீர் செய்பவர்கள் நொதிப்பின் கடைசியில் தொட்டியின் வெப்பத்தைச் சில டிகிரி ஏற்றிவைப்பது இதற்காகத்தான். இருப்பதே இரண்டு மூன்று தொட்டி, அடுத்த பேட்ச் வேறு காத்திருக்கிறது என்றால், அந்தச் சில நாட்களில்தான் கைவைக்கத் தோன்றும். உங்களுக்குக் கிடைத்ததில் இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பீர் வரும் குழாயை ஒழுங்காகக் கழுவாவிட்டாலும் இதே மணம் வரும். செக் லாகர்கள் சிலவற்றில் இது லேசாக இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் பாப்கார்ன் அளவுக்குப் போனால் நடுவர்கள் குறை என்றே எழுதுவார்கள்.

கோதுமை பீர் கதை நேர் எதிர். பவேரிய முறையில் செய்யும் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்க வேண்டும். பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. இரண்டும் அதற்கென்றே உள்ள ஈஸ்டின் வேலை. வாழைப்பழ மணத்தைத் தரும் ஐசோஅமைல் அசிட்டேட் நிஜமான வாழைப்பழத்திலும் இருக்கிறது. ஆக, குறைக்கு 4.5, குணத்துக்கு 2!

ஸ்டவுட்டின் கறுப்பு வறுத்த தானியத்திலிருந்து வருவது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வறுத்த பார்லி சேர்த்தாலே பீர் கறுத்துவிடும். போதைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. அயர்லாந்தின் பிரபல ஸ்டவுட்டான கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், வெளிறிய லாகர்கள் பலவும் அதைவிடக் கூடுதல்.

இப்போது முறைக்கு வருவோம். ஒரே வகையில் இரண்டு பீர், இரண்டே இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு ஆலைகளின் பில்ஸ்னர், அல்லது ஒரே ஆலையின் இரண்டு பேட்ச். சிறிய ஆலைகளில் பேட்சுக்குப் பேட்ச் ருசி மாறும், எனக்கு அதுவே பெரிய சுவாரசியம். ஐபிஏ என்றால் கேனில் அடைத்த தேதியையும் பாருங்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூ அதில் தூக்கல், அந்த மணம்தான் முதலில் ஓடிவிடும். பழசானதையும் புதுசையும் வைத்துப் பார்த்தால் நாள் கணக்கைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

லேசானதில் தொடங்குங்கள். ஐபிஏவை முதலில் குடித்தால் நாக்கு கசப்பில் மரத்துவிடும், அப்புறம் வரும் பில்ஸ்னர் பாவம். ஸ்டவுட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடிக்காமல் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். சில்லென்று இருக்கும்போது மணம் எழும்பாது.

கசப்பையும் துவர்ப்பையும் பிரித்து எழுதுங்கள். இரண்டுக்கும் நம்மிடம் தனித்தனிச் சொல் இருப்பது பெரிய வசதி. கசப்பு ஹாப்ஸிலிருந்து, நாக்கில் தங்கும். துவர்ப்பு பெரும்பாலும் தானிய உமியிலிருந்து, ஈறும் கன்னமும் இழுத்துப் பிடிக்கும். மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, அளவுக்கு மீறிய சூட்டு நீரில் அலசினால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும்.

இன்னொன்று, லேபிள் தெரியக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு ஆலைகளின் பேல் ஏல் வகை பீர்களை முகர்ந்தே பிரித்துவிடுவேன் என்று பல வருடம் பீற்றிக்கொண்டிருந்தவன் நான். ஒரு நாள் வீட்டில் மூன்று கண்ணாடி டம்ளர் வைத்து, இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் மற்றது, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் அளவு ஊற்றச் சொன்னேன். நான் அறைக்கு வெளியே. உள்ளே வந்து, ஒட்டாத டம்ளர் எது என்று சொல்ல வேண்டும். ஆறு தடவையில் இரண்டு தடவைதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு டம்ளரைத் தொட்டிருந்தாலும் சராசரியாக அவ்வளவுதான் வரும். அதில் ஒரு தடவை, அடியில் கொஞ்சம் கலங்கல் இருந்த டம்ளரைப் பார்த்ததும், ‘ஆ, இதுதான்’ என்று மூக்கு முடிவே செய்துவிட்டது. தப்பு. பாட்டிலின் அடியில் இருந்த ஈஸ்ட் அது, வேறொன்றும் இல்லை.

நான்கு பேர் மார்க்கின் சராசரிக்கும் இதே கதிதான். இதில் ஒரு வேடிக்கை: குறைந்த மாதிரிகளை வைத்து எவ்வளவு நம்பலாம் என்ற கணக்கை 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கோசெட், கின்னஸ் ஆலையில் வேலை பார்த்தவர்.

உங்கள் நண்பர் மார்க்கைத்தான் கிண்டல் செய்கிறார் என்றால் நான் அவர் பக்கம். மார்க்குக்குப் பதில் ஒரு வரி எழுதுங்கள். ‘முதல் வாயில் ரொட்டி, பிறகு புல், கடைசியில் கசப்பு சீக்கிரம் போய்விட்டது’ என்கிற மாதிரி. ஆறு மாதம் கழித்து 3.5 என்ற எண்ணைப் பார்த்தால் என்ன ஞாபகம் வரும்?

அந்த பில்ஸ்னரின் அடுத்த பேட்ச் கிடைத்தால் வாங்கி, நால்வரும் லேபிளைப் பார்க்காமல் குடித்துப் பாருங்கள். வெண்ணெய் மணம் இல்லாமல் போனால் உங்களில் எத்தனை பேர் அதைத் தேடுகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். தேடினாலும் தப்பில்லை.