கொரோனா ஊரடங்குக் காலத்தில் ஓவியம் – அப்போதைய கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஊரடங்கு தொடங்கியதிலிருந்து என்னால் ஒரு கோடுகூட இழுக்க முடியவில்லை. பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் உட்கார்ந்து மனிதர்களை வரைந்துகொண்டிருந்தவன் நான். இப்போது நோட்டைத் திறந்தால் எதிரே சுவர்தான். கைபேசியைப் பார்த்தால் எல்லோரும் தினம் ஒரு படம் போடுகிறார்கள். கிடைத்த நேரத்தை வீணடிக்கிறேனோ என்ற குற்றவுணர்வு வேறு. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வரைவதற்கான உந்துதலை எங்கே தேடுவது?

ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்தக் குற்றவுணர்வை விட்டுவிடுங்கள். இது விடுமுறை அல்ல. வெளியே நோய் பரவுகிறது, வேண்டியவர்களைப் பற்றிய கவலை எல்லா வீட்டிலும் இருக்கிறது. இந்த மனநிலையில் கை ஓடாமல் போவது இயல்பு. மற்றவர்கள் போடும் படங்களைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருங்கள்.

உந்துதல் வந்த பிறகு வரைய உட்காரலாம் என்று காத்திருக்கிறீர்கள். வரையத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வரும் என்பது என் அனுபவம். சந்தையில் ஆட்கள் நகர்ந்துகொண்டே இருந்ததால் உங்கள் கண் தானாகவே விழித்திருந்தது. வீட்டில் வெளிச்சத்தைத் தவிர எதுவும் நகர்வதில்லை. அதைப் பின்தொடருங்கள்.

யோசெஃப் சுடெக் என்ற செக் புகைப்படக் கலைஞர் முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர். 1940இல், பிராக் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில், தன் ஸ்டூடியோ ஜன்னலைப் படமெடுக்க ஆரம்பித்தார். கண்ணாடியில் படிந்த ஈரம், வழியும் துளிகள், உறைபனி, அதற்கு அப்பால் மங்கலாக ஒரு கோணல் மரம். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. 1954 வரை அதே ஜன்னலை எடுத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மட்டும் ஒருவர் இத்தனை ஆண்டுகள் ஒரு ஜன்னல் முன்னால் நிற்க மாட்டார்.

இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ மொராண்டி பொலோன்யா நகரத்து வீட்டில், தான் படுத்துறங்கும் அறையிலேயே, குப்பிகளையும் ஜாடிகளையும் வரைந்து வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். பளபளப்பு கண்ணை இழுக்கக் கூடாதென்று சில குப்பிகளுக்கு மங்கலான வண்ணம் பூசிவைத்தார். ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தை, மேசையில் விரித்த தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டார். ஒரு குப்பியைச் சற்றே நகர்த்தினால் அவருக்கு அது வேறு ஓவியம்.

நாளைக் காலை ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி ஜன்னலோரம் வையுங்கள். அதன் நிழலைப் பாருங்கள். நிழல் முழுக்க இருட்டாக இருக்காது. நடுவில், சுற்றியுள்ள மேசையைவிடப் பிரகாசமாக ஒரு கீற்று விழுந்திருக்கும். தண்ணீர் வெளிச்சத்தைக் குவிப்பதால் வருவது அது. டம்ளரை விட்டுவிட்டு அந்த நிழலை மட்டும் வரையுங்கள். முடிப்பதற்குள் அது இடம் மாறியிருக்கும், கோபப்படாமல் பக்கத்திலேயே இன்னொன்று வரையுங்கள். மாலையில் திரும்பவும். ஒரு வாரம் வேறு எதையும் தொட வேண்டாம்.

மனிதர்கள் இல்லாமல் முடியாது என்றால் உங்கள் இடது கை இருக்கிறது. ஓவியம் படிக்கும் யாருக்கும் அது எளிதில் பிடிபடுவதில்லை. வீட்டில் பகல் தூக்கம் போடுகிறவர்கள் இருந்தால் அவர்களையும் வரையலாம், எழுந்ததும் காட்டிவிடுங்கள். நல்ல தாளை இதற்குச் செலவழிக்க வேண்டாம், பழைய ரசீதின் பின்பக்கம் போதும்.