தையல் வெளியே தெரியும், பரவாயில்லையா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். வயது 43. சர்க்கரை வந்த பயத்தில் ஒன்றரை வருஷத்தில் 94 கிலோவிலிருந்து 66-க்கு இறங்கினேன். இப்போது கையைத் தூக்கினால் தோல் தொங்குகிறது. "என்னட்டி, கை தூளி மாதிரி ஆடுது?" என்று மதினி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். ஆற்றில் குளிக்கப் போவதையே விட்டுவிட்டேன். தை மாதம் அண்ணன் மகள் கல்யாணம். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? வீட்டுக்காரர், "ஒனக்கு வேற வேல இல்லயா" என்கிறார்.

பதில்: தங்கச்சி, 28 கிலோ இறங்கியிருக்கிறீர்கள்! மதினி கண்ணுக்கு அது படாமல் போனதில் எனக்கே வருத்தம். வீட்டுக்காரர் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆற்றங்கரைக்கே போகவிடாத ஒரு விஷயம் சின்ன விஷயமில்லை.

வருஷக்கணக்கில் இழுபட்டுக் கிடந்த தோல், உள்ளே கொழுப்பு கரைந்ததும் தானாகச் சுருங்கிக்கொள்வதில்லை. டம்பெல் தூக்கினால் தசை கொஞ்சம் திரளும், தோல் அப்படியேதான் இருக்கும். தைலத்துக்கும் கிரீமுக்கும் காசைக் கொட்டாதீர்கள். கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை, தோல் விறைப்பாக இருப்பவர்களுக்குத்தான். உங்களுக்குத் தோலையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இது உங்கள் தொழிலில் தினமும் செய்வதுதான். தொளதொளவென்ற பிளவுஸ் கையைப் பிடித்துத் தைக்கிறீர்கள், தையல் உள்பக்கம் மறைந்துவிடுகிறது. உடம்பில் அந்தத் தையல் வெளியேதான் இருக்கும், அக்குளிலிருந்து ஏறக்குறைய முழங்கை வரை, கையின் உள்பக்கமாக. தொங்கும் தோல் போய் அந்த இடத்தில் நீளமான ஒரு தழும்பு வரும். கையைத் தூக்கினால் அது தெரியும். நீங்கள் முடிவெடுக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். அறுவை முடிந்து இரண்டு மூன்று மாதத்தில்தான் தழும்பு நன்றாகச் சிவந்து தடித்து நிற்கும். அது மங்கி அடங்க ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும். வீக்கத்துக்காக மேல்கையை இறுக்கிப் பிடிக்கும் உடையைச் சில வாரங்கள் போட வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலில் அது பெரிய பாடு. குடம் தூக்குவது, மாவாட்டும் கல்லைத் தூக்குவது எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்கு மேலாகவே தள்ளிப்போட வேண்டும். மெஷினில் எப்போது உட்காரலாம் என்பதை டாக்டரிடமே கேளுங்கள். புண் முழுக்க ஆறும்வரை ஆற்றுக் குளியலும் கிடையாது.

காது குத்திய இடத்தையும், இடது தோளில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட இடத்தையும் கண்ணாடியில் பாருங்கள். அங்கே தழும்பு மேடாக வளர்ந்திருந்தால் கையிலும் அப்படி வளரக்கூடும். அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தையல் விட்டுப்போவது, உள்ளே நீர் கட்டுவது, சீழ் பிடிப்பது, முன்கையின் உள்பக்கம் மரத்துப்போவது ஆகியவையும் வரலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறுவதே சிரமம். எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நிற்கட்டும். அதற்குள் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் ரத்த அளவும் பார்த்துக்கொள்ளுங்கள். வேகமாக எடை குறைத்தவர்களுக்கு ரத்தசோகை இருப்பதுண்டு. முட்டை, பயறு, மீன் குறையாமல் சாப்பிடுங்கள்.

அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைக்காது. இதற்காக நகையை அடகு வைக்காதீர்கள், தங்கச்சி. சேர்த்துவைத்துச் செய்துகொள்ளலாம், தோல் எங்கும் போய்விடாது.

டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரிக்கென்றே உள்ள எம்.சிஎச். என்ற மேற்படிப்பு படித்தவரா என்று பாருங்கள். அழகு நிலையத்தோடு ஒட்டிய கிளினிக்குகள் பக்கம் போகாதீர்கள். நம்மைப் போல் மாநிறமான ஒருவர், அறுவை முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கையைத் தூக்கி எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதை நன்றாகப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.