குறைந்தபட்சக் கூலி, சங்கப் பேச்சுவார்த்தை: கேட்டதும் சொன்னதும்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. வடசென்னை ஆட்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டை, குடோன் லோடிங்: அண்ணா, இனிமே டெல்லிதான் ரேட் வைக்குமாம். நம்ம ரேட் குறைஞ்சிடுமா?

குறையாது. மத்திய அரசு வைப்பது அடிமட்ட ஊதியம். மாநிலம் அதற்குக் கீழே போகக் கூடாது, ஏற்கெனவே மேலே இருந்தால் இறக்கவும் கூடாது. 2017-இல் நாளுக்கு 176 ரூபாய் என்று ஒன்று வைத்திருந்தார்கள், ஆனால் அதற்குச் சட்ட பலம் இல்லை, கேட்கிற மாநிலம் கேட்கும், மற்றது கண்டுகொள்ளாது. 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டமோ அதன் அட்டவணையில் உள்ள தொழில்களுக்கு மட்டும்தான். இப்போது எல்லாத் தொழிலுக்கும் உண்டு.

வியாசர்பாடி, டெய்லரிங்: பீஸ் ரேட்டுக்கும் இது உண்டா? அக்கவுண்டன்ட் இல்லைன்றாரு.

உண்டு. பீஸுக்குத் தனி ரேட் அறிவிக்கவில்லை என்றால், நேரத்தைக் கணக்கிட்டு வைத்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்க முடியாது.

ராயபுரம்: இந்த ரேட்டை எந்தக் கணக்குல போடுறாங்க சார்?

1957 இந்தியத் தொழிலாளர் மாநாட்டுக் கணக்குதான் அடிப்படை: புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை சேர்ந்து மூன்று யூனிட் (ஒரு யூனிட் என்றால் ஒரு பெரியவர் சாப்பிடும் அளவு), யூனிட்டுக்கு நாளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வாடகை, அப்புறம் எரிபொருள், கரண்டுக்கு 20 சதவீதம். 1991-இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் படிப்பு, வைத்தியம், பண்டிகை, கல்யாணத்துக்கென்று 25 சதவீதம் சேர்த்தது. மத்திய அரசின் வரைவு விதியில் வாடகைக்கு என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா, சாப்பாடும் துணியும் சேர்த்த செலவில் 10 சதவீதம். அந்தக் காசுக்கு ராயபுரத்தில் யாராவது வீடு காட்டினால் நானே வந்து அட்வான்ஸ் கொடுக்கிறேன்.

மணலி, காண்ட்ராக்ட்: வவுச்சர்ல தொகையே போடாம கையெழுத்து வாங்குறாங்க. காண்ட்ராக்டர் பாதிதான் தர்றான்.

வெற்று வவுச்சரில் போடாதீர்கள். வேறு வழியில்லாமல் போட்டால் தேதியைக் கையால் எழுதி போட்டோ எடுத்து வையுங்கள். வங்கி வரவு, கேட் பாஸ், மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் ஆதாரம். காண்ட்ராக்டர் தராவிட்டால் வேலை வாங்கிய கம்பெனி தர வேண்டும். பாக்கி கேட்க முன்பு ஆறு மாதம்தான் கெடு, இப்போது மூன்று வருஷம், கூலி தந்ததை நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. புதுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் இது.

எண்ணூர்: எங்க கம்பெனில ரெண்டு சங்கம். மேனேஜ்மென்ட் யாரோட பேசணும் தோழர்?

மஸ்டர் ரோலில், அதாவது கம்பெனியின் ஆள் பதிவேட்டில், உள்ளவர்களில் 51 சதவீதம் பேர் ஒரு சங்கத்தில் இருந்தால் அது மட்டும்தான் பேசும். யாருக்கும் 51 இல்லையென்றால், 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு. இந்தச் சங்கத்தோடுதான் பேச வேண்டும் என்ற அங்கீகாரம் மத்தியச் சட்டத்துக்குள் வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. பெரம்பூர் மில் ஆட்களுக்காக பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னே நின்று 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மேல், மில்லை நடத்திய பின்னி கம்பெனி பின்னால் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. அந்த அடிதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்குக் காரணம். ஆனால் அந்தச் சட்டத்திலும் பதிவு உண்டு, வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு, முதலாளி உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்ற வரி கிடையாது. 51-ஐ நான் முழுசாக வரவேற்க மாட்டேன், ஆட்களில் பாதிப்பேரைக் காண்ட்ராக்டில் வைத்துவிட்டு மஸ்டர் ரோலைச் சின்னதாக்கினால் கம்பெனிக்குத் தோதான சங்கமே ஜெயிக்கும்.

திருவொற்றியூர்: ஸ்ட்ரைக் வேணாம், எல்லாரும் சேர்ந்து லீவு போட்டா?

பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டால் அதுவும் ஸ்ட்ரைக்தான். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் பொறுக்க வேண்டும், சமரசப் பேச்சு நடக்கும்போதும் முடிந்து 7 நாள் வரைக்கும் இறங்கக் கூடாது. அதனால் கோரிக்கை மனுவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்கிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.