சுண்ணாம்புச் சுவருக்கு எந்தப் பெயின்ட்?

கேள்வி: காரைக்குடியில் தாத்தா காலத்து வீடு, செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரைப் பூச்சு. சில வருடங்களுக்கு முன் வெளிச்சுவருக்கு எமல்ஷன் அடித்தோம். இப்போது இடுப்பு உயரம் வரை கொப்பளித்து உரிகிறது, உள்ளே காரை மாவாகக் கொட்டுகிறது. பெயின்டர் வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தக்கால அஸ்திவாரங்களில் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணின் ஈரம் செங்கல்லில் ஏறி, காரை வழியாக ஆவியாகிவிடும். எமல்ஷன் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். அதன் பின்னால் ஈரம் தேங்கி, அதில் கரைந்த உப்பு படிகமாகிக் காரையை உடைக்கிறது. வாட்டர் ப்ரூஃப் அடித்தால் ஓதம் இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறும், அவ்வளவுதான்.

முதலில் சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்குவதையும், சிமென்ட் தளம் போட்டு மண்ணை மூடியிருப்பதையும் சரிசெய்யுங்கள். பிறகு பெயின்டை முழுவதும் சுரண்டுங்கள். தண்ணீர் தெளித்தால் சுவர் உறிஞ்ச வேண்டும். முத்து முத்தாக வழிந்தால் படலம் மிச்சமிருக்கிறது. பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து உள்ளேயே போய்விடும். பெயர்ந்த இடங்களில் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலவை பூசி, ஒரு வாரம் ஈரமாக வைத்து, மூன்று நான்கு வாரம் ஆற விடுங்கள். சிமென்ட் ஒட்டுப் போட்டால் ஈரம் அதைச் சுற்றி ஓரங்களில் வெளிவரும்.

அதன்மேல் வெள்ளையடிப்பதே சிறந்தது, மலிவும்கூட. ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். ஒரு நாள் ஊறியபின் துணியில் வடிகட்டி, 10 லிட்டருக்கு 40 கிராம் கோந்தை வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். சுவரை நனைத்துவிட்டு, பால் பதத்தில், நாளுக்கு ஒன்றாக மூன்று நான்கு கோட். ஈரத்தில் சுவர் தெரியும், காய்ந்தால்தான் வெளுக்கும். இதை அறியாமல் கெட்டியாக அடித்தால், கை பட்டாலே மாவு ஒட்டும். உச்சி வெயிலில் அடித்தாலும் அதே கதிதான். தை, மாசி ஏற்ற மாதங்கள். நிறத்துக்குக் காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்களே சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும்.

கேள்வி: ‘சுவாசிக்கும் எமல்ஷன்’ என்று கடையில் தருகிறார்களே, நம்பலாமா?

பதில்: டப்பாவில் எழுதியிருப்பதை விடுங்கள். அந்தப் பெயின்டின் தொழில்நுட்பத் தாளில் ‘எஸ்.டி.’ (Sd) மதிப்பைப் பாருங்கள். ஈராவி வெளியேறப் படலம் எவ்வளவு தடை என்று காட்டும் எண் அது; 0.14 மீட்டருக்குக் கீழே இருந்தால் ஈரம் தாராளமாக வெளியேறும். எண்ணே இல்லையென்றால் வாங்க வேண்டாம். பொட்டாசியம் சிலிக்கேட் பெயின்ட் கிடைத்தால் அது நல்ல தேர்வு. விலை அதிகம். காரையோடு வேதியியல்ரீதியாகப் பிணைவதால் உரியாது, ஆனால் பழைய எமல்ஷன் மிச்சத்தின் மேல் பிடிக்காது. கண்ணாடியில் பட்டால் அரித்துக் கறையாகும், ஜன்னல் கண்ணாடிகளை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.