கடைசியில் ஐந்து சுழியம்

வணக்கம் ஐயா,

கோலாலம்பூர் செந்தூலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். சதுரங்கக் கட்டங்களில் அரிசியை இரட்டித்து இரட்டித்து வைக்கும் அம்பலப்புழைக் கதையை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொன்னேன். 64 கட்டங்களின் மொத்தத்தை எக்செல்லில் போட்டுத் திரையில் காட்டினேன்: 18446744073709600000. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், முதல் கட்டத்துல ஒரே ஒரு அரிசி. மத்ததெல்லாம் இரட்டைப்படை. அப்போ மொத்தம் சுழியத்துல முடியாதே?" என்றான். கணினி தப்பாகச் சொல்லாது என்று உட்கார வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து உறுத்துகிறது. யார் சொன்னது சரி?

ம., செந்தூல்

அன்புள்ள ம.,

பையன் சொன்னதுதான் சரி. நாளைக்கே வகுப்பில் அதைச் சொல்லிவிடுங்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். மீதி இடத்தை நம்மைக் கேட்காமலே சுழியத்தால் நிரப்பிவிடும். உண்மையான மொத்தம் 18446744073709551615.

இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் எடை போடத்தான் போவார்கள். ஓர் அரிசி 25 மில்லிகிராம் என்றால் 461 பில்லியன் டன்; இன்றைய உலக விளைச்சலில் ஏறக்குறைய 900 ஆண்டு. சரி, இருக்கட்டும். பையன் பிடித்த நூலைத் தொடர்ந்து போனால்தான் சுவை.

நேற்று மாலை பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து, பில்லின் பின்பக்கம் கட்டம் போட்டுப் பார்த்தேன். முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களைக் கூட்டினால் 255. அடுத்த வரிசை அதைப்போல 256 மடங்கு. அதற்கடுத்தது அதைப்போல 256 மடங்கு. ஆக எந்த வரிசையும் 255ஆல் மீதியின்றி வகுபடும், மொத்தமும் அப்படியே. 255 என்பது 3 × 5 × 17. அந்த 20 இலக்கங்களைத் தொடாமலே மூன்று காரணிகள் கையில். மொத்தம் ஒற்றைப்படை, 5ஆலும் வகுபடும் என்றால் கடைசி இலக்கம் 5 ஆகத்தானே இருக்க முடியும்? பையன் பாதி வழி வந்துவிட்டான், நீங்கள்தான் உட்கார வைத்துவிட்டீர்கள்.

இரண்டு வரிசை சேர்ந்தால் 65535. காரணிகளில் 257 புதிதாக வரும். நான்கு வரிசை, அதாவது பாதிப் பலகை, 4294967295. இதில் 65537 சேரும். மறுபாதி இந்தப் பாதியைப்போல 4294967296 மடங்கு. எனவே முழுப் பலகை என்பது 4294967295 × 4294967297.

இந்த இரண்டாவது எண்தான் வம்புக்காரன். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கணித மேதை ஃபெர்மா, 3, 5, 17, 257, 65537 (ஒன்றைக் கழித்து, தன்னாலேயே பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும்) எல்லாம் பகா எண்ணாக இருப்பதைப் பார்த்து, அதே வரிசையில் அடுத்து வரும் இதுவும் பகா எண்தான் என்று நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர், இது 641ஆல் வகுபடும் என்று காட்டினார். இதற்குக் காரணி இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும் என்பதையும் பின்னர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்களை எழுதிப் பாருங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே ஆள் சிக்கிவிடுகிறான்!

நானும் கையால் வகுத்தேன். முதல் தடவை மீதி வந்தது. நடுவில் ஒரு 7ஐ 1 என்று படித்துத் தொலைத்திருக்கிறேன். தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறியபிறகு இரண்டாம் தடவை 6700417 வந்தது, மீதி இல்லை. அதுவும் பகா எண். ஆக மொத்தம் ஏழு பகாக் காரணிகள், ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை.

ஐந்தாம் ஆண்டுக்கு 641 வேண்டாம், 3 போதும். கட்டங்களை இரண்டிரண்டாகக் கூட்டச் சொல்லுங்கள்: 1+2, 4+8, 16+32. எல்லாமே 3இன் மடங்கு என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு முழு எண்ணையும் கரும்பலகையில் எழுதி இலக்கங்களைக் கூட்டட்டும்; 87 வரும், அதுவும் 3இன் மடங்குதான். எழுதுகிற வேலையை அந்தப் பையனுக்கே கொடுங்கள்.