வக்கீல் செல்வா ஜெயிச்சாரா?

கேள்வி: இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வா (எஸ்.ஜே.வி. செல்வநாயகம்) பெரிய வக்கீலாமே, அரசியல்ல என்ன சாதிச்சாரு?

பதில்: சிவில் கேஸ்ல கொழும்பே மதிச்ச ஆளுங்க. 1947ல காங்கேசன்துறை எம்.பி. ஆனாரு, மலையகத் தமிழர் (இந்திய வம்சாவளி தோட்டத் தொழிலாளர்) குடியுரிமையை கவர்ன்மென்ட் பறிச்சும், தன்னோட தமிழ் காங்கிரஸ் கட்சித் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே கவர்ன்மென்ட்ல மந்திரியானது பொறுக்காம பிரிஞ்சு வந்து 1949ல தமிழரசுக் கட்சி ஆரம்பிச்சாரு, 1952ல சொந்தத் தொகுதியிலயே தோத்தாரு. 1957ல பிரதமர் பண்டாரநாயக்காவோட, தமிழர் பகுதிகளுக்கு அதிகாரம் கேட்டுப் போட்ட ஒப்பந்தம் அடுத்த வருஷமே கிழிஞ்சுது, 1965ல பிரதமர் டட்லி சேனநாயக்காவோட போட்டதும் அம்போ. வக்கீல் எவ்ளோ நல்லா எழுதினா என்ன, எதிர்த்தரப்பு கையெழுத்தை மதிக்கணும்ல! எனக்குப் புடிச்சது 1972தான், புது அரசியலமைப்பை எதிர்த்து எம்.பி. சீட்டையே ராஜினாமா பண்ணாரு, கவர்ன்மென்ட் இடைத்தேர்தலை 1975 வரை இழுத்தடிச்சுது, மனுஷன் பார்க்கின்சன் நோயோட நின்னு அமோகமா ஜெயிச்சாரு.