52 சிசி வாங்கினாலும் கிளட்ச் புகையும்

கேள்வி: புல்வெட்டும் கருவியிலிருந்து கழற்றிய 43 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை 26 அங்குலச் சைக்கிளில் பூட்டியிருக்கிறேன். எஞ்சின் பக்கம் 10 பல், பின்சக்கரத்தில் 44 பல், இடையில் செயின். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது. இரண்டே நிமிடத்தில் கிளட்ச் பக்கம் புகை வருகிறது. பாகங்கள் விற்றவர், "சின்ன எஞ்சின் இழுக்காது, 52 சிசி போடுங்கள், பழையதை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். உங்களிடம் இருக்கும் எஞ்சினே போதும். சமதரையில் சாதாரணமாக மிதிப்பவரின் கால்கள் தொடர்ந்து கொடுப்பது சுமார் 100 வாட். உங்கள் 43 சிசி எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் நிமிடத்துக்கு 6500 சுற்றில் 1250 வாட் வரை கொடுக்கும். பன்னிரண்டு பேர் மிதிக்கும் பலம். இத்தனை பலம் இருந்தும் வண்டி நகரவில்லை என்றால், அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 26 அங்குலச் சக்கரம் ஒரு முறை உருண்டால் சுமார் 2.07 மீட்டர் போகும். மணிக்கு 30 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 500 மீட்டர். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 240 தடவை சுற்ற வேண்டும். எஞ்சின் சுற்றுவது 6500. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 27. எஞ்சின் 27 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்ற வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது 44-ஐ 10-ஆல் வகுத்த 4.4.

புகை எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. புல்வெட்டி எஞ்சினில் இருப்பது தானாகப் பிடிக்கும் கிளட்ச். வேகம் ஏறினால் உள்ளே இருக்கும் இரண்டு ஷூக்களும் ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு விரிந்து, சுற்றியிருக்கும் டிரம்மைப் பற்றும். இந்தப் பிடிப்பு முழுமையாவது ஏறக்குறைய 4000 சுற்றில். 4.4 விகிதத்தில் எஞ்சினும் டிரம்மும் 4000 சுற்றில் ஒட்டி ஓட வேண்டுமானால் சைக்கிள் மணிக்கு 113 கி.மீ. வேகத்தில் போயாக வேண்டும். அதுவரை ஷூ வழுக்கிக்கொண்டே இருக்கும். மிதித்து உதவியும் பயனில்லை. மணிக்கு 20 கி.மீ.க்கு மிதித்தாலும் டிரம் சுற்றுவது நிமிடத்துக்கு 700 தான், எஞ்சின் சும்மா நின்று ஓடும் வேகத்தைவிடக் குறைவு. அந்த 1250 வாட்டும் உள்ளங்கை அகல டிரம்மில் சூடாக இறங்குகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு அது. டிரம்மின் வெளிப்புறத்தைப் பாருங்கள், நீலமும் ஊதாவுமாக வளையம் ஓடியிருக்கும்.

இப்போது 52 சிசி கதை. கொள்ளளவு 42.7-இலிருந்து 51.7 ஆகிறது, சுமார் 21 சதவீதம் கூடுதல். பல் விகிதத்தில் உங்களுக்குக் குறைவது ஆறு மடங்கு. சிசியை விற்பது சுலபம், பல்லை எண்ணிச் சொல்வது வேலை. அதனால்தான் எல்லாரும் சிசி பேசுகிறார்கள்.

அந்த 10-க்கு 44 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் காட்டித்தான் விற்பவர் வாதாடுவார்: "எத்தனையோ சைக்கிள் இதே பல்லில் ஓடுகிறதே?" ஓடுகிறது, உண்மை. சைக்கிளுக்கென்றே கிட்டாக வரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் 10-44 சரியான கணக்கு. அந்த எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே 20 பல்லும் 82 பல்லுமாக ஒரு கியர் ஜோடி உட்கார்ந்திருக்கிறது. அது முதலில் 4.1 மடங்கு குறைத்துவிடும், வெளியே இருக்கும் செயின் இன்னொரு 4.4 குறைக்கும். பெருக்கினால் 18. போதாததற்கு அதன் கிளட்ச் கைப்பிடியால் இயங்குவது. மிதித்து வேகம் பிடித்து, பிடியை விட்டதும் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். உங்கள் புல்வெட்டியில் உள்ளே கியரும் கிடையாது, கைக் கிளட்ச்சும் கிடையாது. அந்த வண்டியின் பின்சக்கரப் பல்லை மட்டும் கழற்றி இதில் மாட்டினால், பாதி மருந்துச் சீட்டை வைத்து வைத்தியம் பார்த்த மாதிரிதான். ஆக 10-44 ஒத்துவரும் ஒரே விதிவிலக்கு, உள்ளே குறைப்புக் கியர் உள்ள எஞ்சின். உங்களுடையது அதில் சேராது. அந்தக் கிட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. 80 சிசி என்று ஒட்டி விற்பார்கள். உள்விட்டம் 47 மி.மீ., ஸ்ட்ரோக் 38 மி.மீ.; கணக்குப் போட்டால் 66 சிசிகூட முழுதாக வராது.

சரி, என்ன செய்வது? மலிவாகவும் சீக்கிரமாகவும் முடிய வேண்டுமென்றால் செயினை மறந்துவிட்டு உருளைக்கு மாறுங்கள். எஞ்சின் தண்டில் ஓர் இரும்பு உருளை, அது பின் டயரின் மேல் அழுந்தி உருட்டும். 25 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒரு சுற்றில் டயரை 78.5 மி.மீ. நகர்த்தும். 6500 சுற்றுக்கு மணிக்கு 30 கி.மீ. சொல்லி வைத்தாற்போல் வருகிறது. இதில் சக்கர அளவு கணக்கிலேயே வராது. 26 ஆனாலும் 28 ஆனாலும் வேகம் ஒன்றுதான். 30 மி.மீ. உருளை போட்டால் 37 கி.மீ., ஆனால் கிளம்பும்போதும் மேட்டிலும் கிளட்ச் அதிகம் வழுக்கும். 25-இல் ஆரம்பியுங்கள்.

உருளையை லேத்தில் கடைந்து வாங்குங்கள். நீளம் 60 மி.மீ., முகத்தில் சன்னமான சொரசொரப்பு போதும். வெல்டிங் புள்ளி வைத்து முரடாக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், டயர் கேரட் துருவிய மாதிரி போய்விடும். கிளட்ச் டிரம்மோடு இணைக்கப் புதிதாக எதுவும் தேட வேண்டாம். புல்வெட்டியின் நீளக் குழாய்க்குள் ஓடிய பழைய தண்டின் நுனி, டிரம்மின் துளைக்குள் கச்சிதமாக உட்காரும். அந்த நுனியோடு ஒரு சாண் அறுத்து, உருளையின் நடுத்துளையில் செருகி, குறுக்கே ஓர் இரும்புப் பின் அடித்து, ஓரத்தில் வெல்டு வையுங்கள். குழாயைத் தூக்கி எறிந்திருந்தால் காயலான் கடையில் இன்னொன்று தேடுங்கள்.

உருளையின் இரண்டு முனைக்கும் பேரிங் வேண்டும். இதில்தான் முக்கால்வாசிப் பேர் சிக்கனம் பார்ப்பார்கள். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் டயரின் அழுத்தம் முழுவதும் கிளட்ச் வீட்டின் சின்ன பேரிங்கில் விழும், அது சில நாளில் கறகறக்கும். எஞ்சினோடு உருளையைத் தாங்கும் தகட்டைக் கீல் வைத்து மேலும் கீழும் அசையும்படி அமைத்து, ஸ்பிரிங்கால் கீழே இழுத்துப் பிடியுங்கள். டயரில் உருளை 3 மி.மீ. அமுங்கினால் போதும், அதற்கு மேல் அழுத்தினால் எஞ்சினின் பலத்தை டயரே தின்னும். டயரில் அதன் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அதிகபட்சக் காற்றை வையுங்கள். கட்டை கட்டையாகப் பல் உள்ள டயர் ஆகாது, நடுவில் வழவழவென்று இருப்பதுதான் சரி. மழையில் உருளை வழுக்கும். அன்று மிதித்துக்கொண்டு போங்கள்.

திசையில் ஏமாறாதீர்கள். கிளட்ச் முகத்தை நேராகப் பார்த்தால் இந்த எஞ்சின்கள் வழக்கமாக இடஞ்சுழியாகச் சுற்றும். செயினுக்காக நீங்கள் கிளட்ச் இடப்பக்கம் பார்க்க வைத்திருப்பீர்கள். உருளை டயருக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், எனவே இப்போது எஞ்சின் சைக்கிளின் இடப்பக்கம் உட்கார்ந்து, கிளட்ச் வலப்பக்கம் பார்க்க வேண்டும். அப்படியே தூக்கி மேலே வைத்தால் வண்டி பின்னால் போகப் பார்க்கும். சந்தேகமிருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து, கிளட்ச் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணால் பாருங்கள்.

கிளம்பும்போது உருளையிலும் மிதிக்கத்தான் வேண்டும். 25 மி.மீ. உருளையில் கிளட்ச் முழுதாக ஒட்டுவது மணிக்கு 19 கி.மீ.யில். 15 வரை காலால் கொண்டுபோய் அப்புறம் ஆக்சிலேட்டரைத் திருகுங்கள். நின்ற இடத்திலிருந்து எஞ்சினால் கிளப்பினால் மறுபடி புகைதான்.

செயின்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இரண்டு கட்டமாகக் குறையுங்கள். டிரம்மோடு பொருந்தும் 5-க்கு 1 கியர் பெட்டி, அதன்பின் 10 பல்லுக்கு 56 பல், மொத்தம் 28. பெட்டிக்குள் இரண்டு பல்சக்கரம் நேராகக் கடித்துக்கொண்டால் சுற்றும் திசை மாறிவிடும், அதையும் பார்த்து வாங்குங்கள். பின்சக்கரத்து ஸ்போக்ஸில் ரப்பர் வைத்து இறுக்கும் பல்சக்கரம் பக்கவாட்டில் 1.5 மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. செயின் தளராமல் இருக்க ஓர் உருளி தருவார்கள், பின்சக்கரத்தைத் தாங்கும் போர்க் குழாயில் இரண்டு போல்ட்டால் கவ்வுவது. பார்க்கச் சின்னச் சாமான், ஆனால் ஆளைக் கீழே தள்ளுவது அதுதான். அதிர்வில் கவ்வு தளரும், செயினின் இழுப்பு அதைத் திருப்பும், உருளி நேராக ஸ்போக்ஸுக்குள் நுழையும், பின்சக்கரம் ஓடுகிற ஓட்டத்தில் பூட்டிக்கொள்ளும். கவ்வைப் போர்க் குழாயோடு திரும்பாதபடி நிறுத்த, அதிலிருந்து ஒரு பட்டையை இருசு நட்டுவரை கொண்டுபோய்க் கட்டுங்கள். அல்லது செயினைச் சரியான நீளத்துக்கு வெட்டி உருளியே இல்லாமல் ஓட்டுங்கள், அது இன்னும் உத்தமம்.

எஞ்சினைத் தாங்கும் தகட்டுக்காகச் சைக்கிள் சட்டத்தில் துளை போடாதீர்கள், கவ்விப் பிடியுங்கள். துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். சட்டம் இரும்பாக இருக்கட்டும்.

எஞ்சினை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை அழகுக்காகக் கழற்றியிருந்தால் உடனே திரும்ப மாட்டுங்கள். காந்தச் சக்கரத்தின் விசிறி தள்ளும் காற்றைச் சிலிண்டர் மேல் திருப்புவதே அந்த உறைதான். எஞ்சினில் எண்ணெய் அளவு எழுதியிருந்தால் அதன்படி கலக்குங்கள். எழுத்து அழிந்திருந்தால் சாதாரண டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் லிட்டருக்கு 40 மி.லி., அதாவது 25-க்கு 1. கொஞ்சம் புகைந்தால் புகையட்டும். கார் எஞ்சின் எண்ணெயை ஊற்றாதீர்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரே வார்த்தை: முன்னும் பின்னும் இரண்டும் பிடிக்க வேண்டும். மணிக்கு 15 கி.மீ.யில் போகும் வண்டியைவிட 30-இல் போகும் வண்டியை நிறுத்த நான்கு மடங்கு உழைப்பு தேவை, நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். ஆக்சிலேட்டர் கம்பியைக் கையை விட்டதும் இழுத்து மூடும் ஸ்பிரிங் கார்புரேட்டரில் இருக்கிறதா பாருங்கள். எஞ்சினை அணைக்கும் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். இக்னிஷன் காயிலிலிருந்து வரும் மெல்லிய கம்பியை எஞ்சின் உடம்போடு தொடவைத்தால் எஞ்சின் நிற்கும், பொத்தானின் வேலை அவ்வளவுதான்.

சட்டமா? பல நாடுகளில் மெதுவாகப் போகும் மின் உதவிச் சைக்கிளுக்குச் சலுகை உண்டு. அதே வேகத்தில் பெட்ரோல் எஞ்சின் பூட்டியதும் அது மோட்டார் வாகனம். பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் கேட்பார்கள். தொழிற்சாலைச் சான்றிதழ் கேட்கும் படிவத்தில் வீட்டில் கட்டிய வண்டிக்கு ஒரு கட்டம்கூட இருக்காது, ஆனால் படிவம் நிரப்பவில்லை என்று பிடிக்க மட்டும் ஆள் இருப்பார்கள். "பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் தரகர் தருவது பெரும்பாலும் வேறு ஏதோ வண்டியின் காகிதம். அதை வைத்திருப்பது காகிதமே இல்லாததைவிட மோசம். போகும் முன் உங்கள் ஊர் விதியை நீங்களே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பொதுச் சாலையில் ஏறாதீர்கள்.

கடைசியாக, புகைந்த கிளட்ச். ஷூக்களைக் கழற்றி, தேய்ந்து பளபளவென்று கண்ணாடியாகியிருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். சைலன்சரைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். செங்குத்தான கீறல் இல்லாமல் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தால் எஞ்சின் பிழைத்தது. அழுத்தமானி கிடைத்தால், ஆறேழு இழுப்பில் 100 பிஎஸ்ஐ-யைத் தொட வேண்டும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. கிளட்ச்சுக்குப் பின்னால் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கும். அவ்வளவு சூட்டில் அது வெந்து கெட்டியாகியிருக்கலாம். கையை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் இழுத்துக்கொண்டே நின்றால் அங்கே காற்று கசிகிறது என்று வையுங்கள். கசியும் காற்று பெட்ரோலை நீர்க்கச் செய்யும், அதோடு எண்ணெயும் குறையும். அந்தச் சீலை மாற்றாமல் உருளையைப் பூட்டி ஓட்டினால் நாலாம் நாள் பிஸ்டன் இறுகி நிற்கும். அப்போது 52 சிசிக்காரர் சொன்னதுதான் சரி என்று உங்களுக்கே தோன்றும்.